கம்பியில் பறக்கும் நேவி கேரியர் மாடல்: இறக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்ட்ரோல் லைன் மாடல் விமானங்களில், அதாவது நடுவில் நிற்பவர் கையிலிருக்கும் கம்பிகளோடு வட்டமாகப் பறக்கும் சின்ன விமானங்களில், ‘நேவி கேரியர்’ (விமானந்தாங்கிக் கப்பல்) என்ற போட்டிப் பிரிவு அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. அதற்கு மாடல் கட்டுகிறவர்கள் இன்ஜினைப் பற்றிக் கேட்பதைவிட இறக்கையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன்.

கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே மாடலை எடுத்துக்கொள்கிறேன்: இறக்கைப் பரப்பு 300 சதுர அங்குலம், எடை 40 அவுன்ஸ், அதாவது சுமார் 1.13 கிலோ, கம்பி நீளம் 60 அடி. ‘உள் இறக்கை’ என்றால் பறக்கவிடுபவர் பக்கம் இருப்பது. மேலிருந்து பார்த்தால் மாடல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, ஆகவே இடது இறக்கைதான் உள் இறக்கை.

முதல்ல இது என்ன போட்டி? வட்டமா சுத்துறதுதானே?

சுற்றுவதுதான், ஆனால் இரண்டு விதமாகச் சுற்ற வேண்டும். தரையில் கப்பலின் மேல்தளம் மாதிரி ஒரு மேடை. அதிலிருந்து மாடல் கிளம்பி, 7 சுற்று முடிந்த அளவு வேகமாகப் பறக்க வேண்டும். அப்புறம் 7 சுற்று முடிந்த அளவு மெதுவாக. கடைசியில் வாலில் இருக்கும் கொக்கி மேடைக்குக் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். 1911 ஜனவரி 18 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் யூஜின் ஈலி ‘பென்சில்வேனியா’ போர்க்கப்பல் மேல் இறங்கியதும் இப்படித்தான். கயிறுகளின் இரு முனையிலும் மணல் மூட்டை, விமானத்தின் அடியில் கொக்கிகள்.

60 அடி ஆரத்தில் 7 சுற்று என்பது கிட்டத்தட்ட சரியாக அரை மைல். அதனால் கணக்கு சுலபம். 1800ஐ எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வந்துவிடும். 20 நொடி என்றால் 90 மைல். 180 நொடி என்றால் 10 மைல்.

வேகத்துக்குத்தானே மதிப்பெண்? மெல்லிசா சின்ன இறக்கை போட்டா போதாதா?

வேகத்துக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் மெதுவான பகுதிக்கு வரும் மதிப்பெண், வேகமான ஓட்டத்துக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. 90 மைல், 15 மைல் என்றால் விகிதம் 6. இன்ஜினைக் கசக்கிப் பிழிந்து 95 ஆக்கினால் 6.3 ஆகும். அதற்குப் பதில் 15ஐ 10 ஆக இறக்கினால் விகிதம் 9. எங்கே உழைத்தால் பலன் என்பது இதிலேயே தெரிகிறது.

சின்ன இறக்கையால் வேகத்தில் கிடைப்பதும் நினைப்பதைவிடக் குறைவு. வேகமான சுற்றில் இழுவையின் (காற்று தரும் எதிர்ப்பின்) கணிசமான பங்கு கம்பிகளிடமிருந்து வருகிறது. த்ராட்டிலுக்கு, அதாவது இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்க, மூன்றாவது கம்பி வைத்திருந்தால் இன்னும் அதிகம். இறக்கையைச் செதுக்கி அதைக் குறைக்க முடியாது.

அப்படின்னா இறக்கையைப் பெரிசாக்கினா மெதுவா பறக்கும், சரிதானே?

ஓரளவுக்கு. நம் 300 சதுர அங்குல இறக்கை ஸ்டால் ஆகாமல் (காற்று பிரிந்து தூக்குவிசை போய்விடாமல்) தன்னந்தனியாக எடையைத் தாங்கக்கூடிய குறைந்தபட்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 மைல் (இறக்கையின் தூக்கும் திறனைக் காட்டும் தூக்கு எண் 1.2 என்று வைத்துக்கொண்டு). பரப்பை 400 ஆக்கினால், எடை கூடாது என்று வைத்துக்கொண்டாலும், அது 17 மைல்தான் ஆகும். நல்ல ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) வைத்துத் தூக்கு எண்ணை 1.8 ஆக்கினால் 16 மைல்.

ஆனால் இந்தப் போட்டியில் மாடல்கள் 10 மைல் சுமாருக்குப் பறக்கின்றன. அந்த வேகத்தில் நம் இறக்கை அதிகபட்சமாக எடையில் கால் பங்கைத்தான் தாங்கும். மீதி முக்கால் பங்கையும் தாங்குவது புரொப்பெல்லர். மூக்கை நிமிர்த்தி, இன்ஜினில் தொங்கிக்கொண்டு மாடல் நகர்கிறது. இறக்கையை மாற்றிப் பார்க்கத் தொடங்குகிற எவரும் இந்தக் கணக்கை முதலில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன். தூக்குவிசையை மட்டும் கூட்டப் போராடுகிறவர்கள் 20லிருந்து 16க்கு வந்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

இன்ஜின்தான் தூக்குதுன்னா இறக்கைக்கு அங்க என்ன வேலை?

உருளாமல் பிடித்துக்கொள்வது. என் கருத்தில் கேரியர் இறக்கையின் முதல் வேலை அதுதான், தூக்குவது இரண்டாவது.

காரணத்தைக் கம்பியிலிருந்து பார்ப்போம். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் வேகமாகச் சுற்றும்போதுதான் கயிறு விறைப்பாக இருக்கும். 90 மைலில் நம் மாடல் கம்பியை ஏறக்குறைய 10 கிலோ விசையோடு இழுக்கிறது. 10 மைலில் அது வெறும் 125 கிராம்தான். வேகம் ஒன்பதில் ஒன்றாகும்போது விறைப்பு எண்பத்தொன்றில் ஒன்றாகிவிடுகிறது. 10 கிலோ விறைப்பு இருக்கும்போது இறக்கை முறுக்கியிருந்தாலும் ஒரு பக்கம் கனமாக இருந்தாலும் கம்பியே மாடலை நேராக்கிவிடும், குறை வெளியே தெரியாது. 125 கிராமில் எல்லாக் குறையும் தெரியும்.

கூடவே முறுக்குவிசையும் இருக்கிறது. வழக்கமான இன்ஜினில் புரொப்பெல்லர் சுழல்வதற்கு எதிர்வினையாக மாடல் இடப்பக்கமாக உருளப் பார்க்கும். அதாவது உள்பக்கம், உங்களை நோக்கி. அப்படி உருண்டால் கம்பி தொய்யும், கம்பி தொய்ந்தால் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) உங்கள் கையில் இல்லை. தொங்கிப் பறக்கும்போது இன்ஜின் நல்ல சக்தியில் ஓடிக்கொண்டிருக்கும், காற்று வேகமோ மிகக் குறைவு. அதனால் இந்தத் தொல்லை மெதுவான சுற்றில்தான் உச்சத்தில் இருக்கும்.

அதுக்குத்தான் வெளி நுனியில ஈயம் வைக்கிறாங்களா? எவ்வளவு வைக்கணும்?

அதற்கும்தான், உள்பக்கம் தொங்கும் கம்பிகளின் எடையைச் சமன்செய்யவும்தான். அளவுக்கு ஒரு தோராயம்: மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி 50 கிராம் வைத்தால் கால் நியூட்டன்-மீட்டர் எதிர்முறுக்கு கிடைக்கும். இந்த அளவு இன்ஜின்கள் தரும் முறுக்கும் அந்த வரிசையில்தான் வரும். எடையைக் கழற்றிப் போடும்படி வெளி நுனியில் சின்ன மூடியோடு ஒரு பெட்டி வைத்துவிடுங்கள். பரிசோதனை இறக்கைக்கு அது கட்டாயம்.

ஈயத்தில் எனக்குப் பிடித்தது, அது ஸ்டால் ஆகாது. ஏர்ஃபாயிலும் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) ஃபிளாப்பும் காற்று ஒட்டி ஓடும் வரைதான் வேலை செய்யும். எடை எந்தக் கோணத்திலும் அதே வேலையைச் செய்யும். ஆகவே முதலில் ஈயம், அதற்குப் பிறகுதான் மற்ற வித்தைகள்.

உள் இறக்கையை நீளமா வைக்கிறது எதுக்கு?

வட்டத்தில் வெளி நுனி அதிகத் தூரம் போகிறது. மூன்றரை அடி நீள இறக்கை என்றால் உள் நுனி சுமார் 58 அடி ஆரத்திலும் வெளி நுனி சுமார் 62 அடி ஆரத்திலும் ஓடும். வேகத்தில் 6 சதவீத வித்தியாசம், தூக்குவிசையில் சுமார் 12 சதவீதம். அதைச் சரிக்கட்டத்தான் உள் இறக்கையைச் சற்று நீட்டுகிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கு இறக்கை ஒழுங்காகத் தூக்கும்போதுதான் பொருந்தும். மூக்கு நிமிர்ந்து தொங்கும்போது அதிகம் உதவாது. அரை அங்குலம், ஓர் அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள்.

எந்த ஏர்ஃபாயில் நல்லது? அடி தட்டையா இருக்கணுமா, ரெண்டு பக்கமும் வளைவா?

வேகச் சுற்றில் நம் இறக்கைக்குத் தேவைப்படும் தூக்கு எண் 0.06தான், கிட்டத்தட்ட பூச்சியம். அடி தட்டையான, வளைவு மிகுந்த ஏர்ஃபாயில் அந்த இடத்தில் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டுதான் பறக்கும், இழுவை கூடும். இருபக்கமும் ஒரே வளைவுள்ளதோ, மேல்பக்கம் சற்றே அதிகம் வளைந்ததோ அங்கே சுத்தமாகப் போகும்.

மெதுவான சுற்றில் வேறொரு தொல்லை. வேகமும் இறக்கை அகலமும் கூடக் கூட ரெனால்ட்ஸ் எண் கூடும், காற்று எப்படி ஒட்டி ஓடும் என்பதை அது காட்டும். 8 அங்குல அகல இறக்கைக்கு அது 90 மைலில் 5 லட்சத்துக்கு மேல், 10 மைலில் 60 ஆயிரம் சுமார். இந்தக் கீழ்மட்டத்தில் தடித்த, வழவழப்பான இறக்கையின் மேல் காற்று சீக்கிரமே பிரிந்துவிடும். முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், அகலத்தில் 5 முதல் 10 சதவீதத் தூரத்தில், ஒரு நூலை ஒட்டிப் பாருங்கள். காற்றைக் கலக்கிவிட்டு ஒட்டி ஓட வைக்கும். ஒட்டவும் பிய்க்கவும் சில நிமிடம்தான். இவ்வளவு மலிவான பரிசோதனை வேறு இல்லை.

முன்விளிம்பை மட்டும் கூராக்காதீர்கள். வேகம் கூடும் என்று நம்பிக் கூராக்கினால் ஸ்டால் திடீரென்று வரும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வராது.

ஃபிளாப் வைக்கலாமா வேண்டாமா?

மேலே பார்த்தபடி ஃபிளாப் உங்களை 16 மைல் வரை கொண்டுவிடும், அதற்குக் கீழே அதன் தூக்குவிசையால் பெரிய பயன் இல்லை. ஆனால் இழுவையால் பயன் உண்டு. தொங்கிப் பறக்கும்போது உந்துவிசையில் ஒரு பங்கு முன்னோக்கித் தள்ளுகிறது. அதை எதிர்க்க இழுவை போதவில்லை என்றால் வேகம் கூடும், அல்லது மூக்கை இன்னும் நிமிர்த்த வேண்டிவரும். மூக்கு எவ்வளவு நிமிரலாம் என்பதற்கு வரம்பு வைத்திருக்கும் பிரிவுகள் உண்டு, உங்கள் வகுப்பின் விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே நன்றாகக் கீழே இறங்கிய ஃபிளாப் தரும் இழுவை கைகொடுக்கும்.

வைப்பதானால் உடலை ஒட்டி, புரொப்பெல்லர் காற்று படும் பகுதியில் வையுங்கள். அங்கேதான் மெதுவான சுற்றிலும் காற்றுக்கு வேகம் இருக்கிறது. ஃபிளாப் இறங்கினால் மூக்கு கவிழப் பார்க்கும், ஆகவே எலிவேட்டர் தாராளமாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சட்டத்தில் இணைந்து இறங்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கினால் மாடலைக் காப்பாற்ற நேரம் இருக்காது.

முன்விளிம்புல ஸ்லாட், ஸ்லாட்னு சொல்றாங்களே, நிஜக் கடற்படை விமானங்கள்ல இருந்ததுதானே?

இருந்தது. ஸ்லாட் என்பது முன்விளிம்பை ஒட்டிக் காற்று புகுந்து ஓடும் இடைவெளி. டக்ளஸ் டான்ட்லெஸ்ஸிலும் கிரம்மன் அவெஞ்சரிலும் ஏலரானுக்கு (உருளலைக் கட்டுப்படுத்தும் இறக்கைத் தகடு) முன்னால் நிலையான ஸ்லாட்கள் உண்டு. ஹெல்டைவரில் சக்கரம் இறங்கும்போது கூடவே முன்விளிம்புப் பட்டை வெளியே வந்து ஸ்லாட்டைத் திறக்கும். இறங்கும் நேரத்தில் ஏலரான் செயலிழக்காமல் இருக்க அப்படிச் செய்தார்கள்.

நம் அளவுக்குச் சுருக்கினால் இடைவெளி மிகக் குறுகிவிடும், காற்று அதற்குள் சரியாக ஓடாது. செய்வதானால் அசல் அளவைவிட இடைவெளியை அகலமாக்க வேண்டும், அப்போது வேகச் சுற்றில் இழுவை விலையாகப் போகும். நான் இதைவிட நூலையே பரிந்துரைப்பேன்.

கோர்சேர் விமானத்துல வலது இறக்கையில ஒரு சின்னக் கட்டை ஒட்டினாங்களாமே, அது நமக்கு உதவுமா?

உதவும். கோர்சேர் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கடற்படை விமானம். அதன் தொல்லையும் நம் தொல்லையும் ஒன்றுதான். கப்பலில் இறங்க மெதுவாக வரும்போது இடது இறக்கை முந்திக்கொண்டு ஸ்டால் ஆகிக் கவிழ்ந்தது. வலது இறக்கையின் முன்விளிம்பில் ஆறு அங்குல நீளத்துக்கு ஒரு சின்னப் பட்டை வைத்தார்கள். வலதும் சற்று முன்னதாகவே ஸ்டால் ஆனது, இரண்டும் சேர்ந்து விழுந்ததால் விமானம் உருளவில்லை. அந்தப் போர்க்கால விமானங்களின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இது. பிரம்மாண்டமான இன்ஜினுக்கு ஒரு துண்டுப் பட்டையில் பதில் சொல்லிவிட்டார்கள்.

நம் மாடலில் வலது என்பது வெளி இறக்கை. அதன் முன்விளிம்பில் முக்கோண வடிவ பால்சா (லேசான மரம்) குச்சியை டேப்பால் ஒட்டிப் பாருங்கள். வேகத்திலிருந்து மெதுவுக்கு மாறும் அந்தச் சில நொடிகளில் மாடல் உள்பக்கம் சாய்கிறது என்றால் இது பேசும். முழுக்கத் தொங்கிய பிறகும் சாய்கிறது என்றால் அது ஈயத்தின் வேலை, மேலே சொன்ன பதிலைப் பாருங்கள்.

கோர்சேரின் வளைந்த இறக்கையை அப்படியே செய்யலாமா? டைஹெட்ரல் இருந்தா என்ன ஆகும்?

செய்யலாம், அழகாகவும் இருக்கும். அசலில் அந்த வளைவு பெரிய புரொப்பெல்லர் தரையில் படாமலும் சக்கரக் கால்கள் குட்டையாகவும் இருக்க வந்தது. நமக்கு அந்தத் தேவை இல்லை, கட்டும் வேலை மட்டும் இரட்டிப்பு.

டைஹெட்ரலில், அதாவது நுனிகளை மேல்நோக்கித் தூக்கிய இறக்கையில், கவனிக்க வேண்டியது கம்பி வெளியே வரும் உயரம். அது மாடலின் எடைமையத்தோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நுனிகள் மேலே தூக்கியிருக்கும் இறக்கையில் கம்பியை நுனி வழியாகவே விட்டால் அது எடைமையத்துக்கு மேலே போய்விடும், 10 கிலோ விறைப்பில் மாடல் சாய்ந்தே பறக்கும். நுனிக்குக் கீழே ஒரு சின்னத் தகடு தொங்கவிட்டு அதன் வழியே கம்பியை விடுங்கள்.

எந்த நிஜ விமானத்தோட இறக்கை இதுக்குத் தோது?

அசல் கடற்படை விமானத்தைப் போலவே செய்தால் கூடுதல் மதிப்பெண் தரும் வகுப்புகள் உண்டு. அங்கே பலரும் விரும்புவது 1920களின் மார்ட்டின் எம்.ஓ.-1. எளிய இறக்கை உடலின் மேல்பக்கம் உட்கார்ந்திருக்கும், உடலோ பெட்டி மாதிரி. கட்டுவது சுலபம், எடையும் கட்டுக்குள் நிற்கும்.

நம் ஊர்க்காரர்கள் சிலர் இந்தியக் கடற்படை விமானம் எதையாவது செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பழைய ‘விக்ராந்த்’ கப்பலில் இருந்த பிரெகே அலிஸே நல்ல தேர்வு. மூக்கில் ஒற்றைப் புரொப்பெல்லர், வாலில் கொக்கி. இறக்கை 15.6 மீட்டர் நீளம், 36 சதுர மீட்டர் பரப்பு. 14இல் ஒரு பங்காகச் சுருக்கினால் சுமார் 44 அங்குல நீளமும் 285 சதுர அங்குலப் பரப்பும் வரும், நம் உதாரண மாடலுக்குப் பக்கத்தில். சக்கரங்கள் மடங்கும் உறைகள் இறக்கையின் முன்விளிம்பில் துருத்திக்கொண்டிருக்கும், வேகச் சுற்றில் அது கொஞ்சம் இழுவையைக் கூட்டும்.

க்ரூசேடர் மாதிரி இறக்கையை மட்டும் நிமிர்த்தினா மூக்கைத் தூக்க வேண்டாமே?

வாட் நிறுவனத்தின் க்ரூசேடர் என்ற கடற்படை ஜெட்டில் இறக்கை 7 டிகிரி நிமிரும், உடல் அதிகம் சாயாமல் விமானி மேடையைப் பார்த்தபடி இறங்கலாம். நமக்கு மூக்கு நிமிர்வதுதான் தேவை, உந்துவிசை மேல்நோக்கித் திரும்ப வேண்டும். இறக்கையை மட்டும் நிமிர்த்தி ஒன்றும் கிடைக்காது.

நுனியில கம்பி வர்ற இடமே பின்னால நகர்ற மாதிரி செய்யறாங்களே, அது எதுக்கு?

மெதுவான சுற்றில் விறைப்பு 125 கிராம்தான் என்று பார்த்தோம். கம்பி வெளிவரும் வழிகாட்டி பின்னால் நகர்ந்தால் மாடலின் மூக்கு வட்டத்துக்கு வெளியே திரும்பும். உந்துவிசையின் முன்னோக்கிய பங்கு 300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு 20 டிகிரி வெளியே பார்த்தால் அதில் சுமார் 100 கிராம் கம்பியை இழுக்கும். விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வேகச் சுற்றில் அதே நிலை இருந்தால் மாடல் பக்கவாட்டில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், வேகம் போய்விடும். அதனால்தான் நகரும் வழிகாட்டி. புது இறக்கை கட்டினால் உள் நுனியில் இதற்கான இடத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். கட்டிய இறக்கையில் அப்புறம் வெட்டி நுழைப்பது பலத்தைக் கெடுக்கும். வெட்டியே ஆக வேண்டியிருந்தால், பறப்பதற்கு முன் கம்பியை இழுத்துப் பலம் பார்க்கும் இழுப்புச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

காத்து அடிக்கிற நாள்ல பெரிய இறக்கை நல்லதா, சின்னதா?

சின்னது. 10 மைல் வேக மாடலுக்கு 5 மைல் காற்றே பெரிய விஷயம். எதிர்க்காற்றில் இறக்கைமேல் ஓடுவது 15, பின்காற்றில் 5. அகன்ற இறக்கை நிமிர்ந்து நிற்கும்போது காற்று அதைப் பிடித்துத் தள்ளும். வட்டத்தில் காற்று வரும் பக்கத்தில் மாடல் இருக்கும்போது அந்தத் தள்ளல் நேராக உங்களை நோக்கி. அங்கேதான் கம்பி தொய்யும். அந்த இடத்தில் மூக்கைச் சற்று இறக்கி வேகம் கொடுத்துக் கடந்துவிடுங்கள், இழந்த மதிப்பெண் மாடலைவிடப் பெரிதல்ல.

மெதுவா நல்லா பறக்குது, ஆனா இறங்க த்ராட்டிலை மூடினதும் பொத்துனு விழுது. இறக்கை சரியில்லையா?

இறக்கை சரிதான். எடையில் முக்கால் பங்கைத் தாங்கிக்கொண்டிருந்ததை நிறுத்தினால் வேறென்ன ஆகும்? மேடைக்கு அரைச் சுற்று முன்பே மூக்கைச் சற்று இறக்கி, வேகத்தை 20 மைல் பக்கம் கொண்டு வந்து, இறக்கையிடம் எடையை ஒப்படைத்துவிட்டு வாருங்கள். ஃபிளாப் உண்மையாகவே பயன்படும் இடம் இதுதான். மேடைமேல் வால் தாழ்ந்து வரும்போது த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள்.

ரெண்டு இறக்கை கட்டிட்டேன். எது நல்லதுன்னு எப்படி நிச்சயமா சொல்றது?

ஒரே உடல், ஒரே புரொப்பெல்லர், ஒரே எரிபொருள், காற்றில்லாத காலை நேரம். இறக்கை மட்டும் மாற வேண்டும். அதனால் பரிசோதனை மாடலில் இறக்கையை ஒட்டாமல் போல்ட்டில் பூட்டுங்கள், எடைமையம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா பாருங்கள். 7 சுற்று நேரத்தை வேகமாகவும் மெதுவாகவும் எடுத்து, மெதுவான நொடியை வேகமான நொடியால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். ஒருமுறை வந்த நல்ல எண்ணை நம்பாதீர்கள், திரும்பத் திரும்ப வருவதை நம்புங்கள்.

மெதுவான சுற்றில் எவ்வளவு ஈயம் தேவைப்பட்டது, மூக்கு எந்தக் கோணத்தில் நின்றது, கம்பி எங்கே தொய்ந்தது என்பதையும் எழுதி வையுங்கள். பக்கத்திலிருந்து நண்பர் ஒருவர் கைபேசியில் படம் பிடித்தால் கோணத்தைப் பிறகு அளக்கலாம்.

பறக்கும் தோசைக்கல் மாதிரி வட்ட இறக்கை செஞ்சா எப்படி இருக்கும்?

வாட் வி-173 என்ற சோதனை விமானத்தைச் சொல்கிறீர்கள். சார்ல்ஸ் ஜிம்மர்மன் வடிவமைத்து, 1942 நவம்பர் 23 அன்று முதலில் பறந்தது. நீளத்துக்கும் அகலத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத இறக்கை மிகப் பெரிய கோணம் வரை ஸ்டால் ஆகாது, ஆகும்போதும் சட்டென்று கைவிடாது. நமக்கு அது பிடித்தமான குணம். அப்படிப்பட்ட இறக்கை தரும் அதிக இழுவையும் மெதுவான சுற்றில் நமக்கு வேண்டியதுதான். அகலம் அதிகம் என்பதால் ரெனால்ட்ஸ் எண்ணும் கூடும், பரப்பில் பெரும்பகுதி புரொப்பெல்லர் காற்றுக்குள்ளேயே இருக்கும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. வி-173இல் இரண்டு நுனியிலும் எதிரெதிராகச் சுழலும் பெரிய புரொப்பெல்லர்கள் இருந்தன, முறுக்கு ஒன்றையொன்று அடித்துக்கொண்டது. நம் மாடலில் மூக்கில் ஒன்றே ஒன்று. இறக்கை குட்டையாவதால் உருளலைத் தடுக்கும் திறன் குறையும். வெளி நுனி மையத்துக்கு அருகில் வந்துவிடுவதால், முன்பு அரை மீட்டரில் 50 கிராம் செய்த வேலைக்குக் கால் மீட்டரில் 100 கிராம் வேண்டும். உள் நுனியில் கம்பி வழிகாட்டியும் எடைமையத்துக்குப் பக்கத்தில் வருவதால் கம்பி மாடலை நிமிர்த்தும் சக்தியும் குறையும். அதனால் முழு வட்டத்துக்குப் போகாமல், 300 சதுர அங்குலத்தை 30 அங்குல நீளம், 10 அங்குல அகலம் என்று வைத்துத் தொடங்குங்கள். அது உருளாமல் நின்றால் அடுத்த இறக்கையை 27 அங்குலமாக்குங்கள், ஈயப் பெட்டியை மட்டும் முதலிலேயே பெரிதாகக் கட்டிவிடுங்கள்.